மகிழமரத்தடியில் இன்னொரு சத்தியம்

திருவொற்றியூர்த் தேர்வடம் பிடிக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. மாசிப் பெருவிழாவில் தேர் நிலையை விட்டுக் கிளம்பும்போது, கூட்டத்துக்கு ஓரமாகச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் கிழவர்களில் நானும் ஒருவன். மீசை அரும்பின வயசில் நானும் வடம் பிடித்திருக்கிறேன். வடம் இழுபட்டு உள்ளங்கை கன்றிப்போவதும், அதை அன்றிரவு தேங்காய் எண்ணெய் தடவி ஆற்றிக்கொள்வதும் எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு கப்பலுக்குப் போனேன். முப்பது வருஷம் கடலிலேயே கழிந்தது. இப்போது ஓய்வு பெற்று, நான் பிறந்த இந்த ஊருக்கே வந்து சேர்ந்துவிட்டேன்.

போன மாசியில், கோயில் மகிழமரத்தடியில் நடக்கும் மகிழடி சேவை முடிந்த மறுநாள் காலையில் அந்தப் பக்கம் வந்தேன். வெளியே வீதியெங்கும் பிளாஸ்டிக் தம்ளர், பிரசாதத் தொன்னை, தண்ணீர் பாக்கெட். ஒரு சின்னப் பையன் அதன் மேல் சைக்கிளை ஏற்றி ‘பட் பட்’ என்று வெடிக்கவைத்துக்கொண்டு போனான். இன்னார் போட்டது என்று யாரையும் கைகாட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அந்த வீதியில் போட்டுவிட்டுப் போனவன்தான். ஆனால் அன்று காலையில் மனசு ஆறவில்லை. வீட்டுக்கு வந்து இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்க இத்தனை மாதம் ஆகிவிட்டது.

உங்களிடம் நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. அதைக் கேட்பதற்கு முன்னால் ஜப்பானில் பார்த்த ஒரு கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கோயிலைப் பார்த்த பிறகுதான் நம் ஊர்க் கோயிலை நான் சரியாகப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இரும்புத்தாது மலைமலையாக ஜப்பானுக்குப் போகும். பெல்லாரி, ஹோஸ்பேட் பக்கம் வெட்டி எடுத்தது ரயிலில் வந்து, பாரதி டாக்கில் கப்பலேறும். அப்படி ஒரு கப்பலில்தான் 1980களின் நடுவில் ஹிரோஷிமாவுக்குப் பக்கத்தில் இருக்கும் குரே துறைமுகத்துக்குப் போனேன். தாது இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் விடுப்பு கிடைத்தது. ரயில் பிடித்து, படகு பிடித்து, மியாஜிமா என்ற தீவுக்குப் போனேன்.

தீவுக்கு முன்னால், கடலுக்குள்ளேயே, சிவப்பு நிறத்தில் ஒரு பெரிய மரவாயில் நிற்கிறது. இரண்டு தூண், மேலே குறுக்காக உத்தரம். ‘தோரி’ என்று பெயர். ஜப்பானியரின் மரபுச் சமயமான ஷிந்தோவின் கோயில் எதுவானாலும் வாசலில் இப்படி ஒன்று நிற்கும். அதைத் தாண்டினால் தெய்வத்தின் எல்லை. மியாஜிமாவில் இப்போது நிற்கும் தோரி 1875இல் நிறுத்தியது. பதினாறு மீட்டர் உயரம், கற்பூர மரத்தூண்கள். கடல் தரையில் ஆழமாகப் புதைத்து நிறுத்தவில்லை. மேல் உத்தரத்துக்குள் கல்லை நிரப்பி, தன் பாரத்தாலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். நீர் வற்றும்போது நடந்தே போகலாம். நானும் போனேன். தூணின் அடிப்பக்கம் முழுக்கச் சிப்பி அப்பியிருந்தது. காசிமேட்டில் பழைய படகின் அடியில் பார்ப்போமே, அதே மாதிரி. கையால் தடவிப் பார்த்தேன். அந்த வாசனை என்னை நேராக நம் குப்பத்துக் கரைக்குக் கொண்டுவந்து விட்டது.

அந்தக் கோயிலுக்கு இட்சுகுஷிமா என்று பெயர். 12ஆம் நூற்றாண்டில் தைரா நோ கியோமோரி என்ற பிரபு இன்றிருக்கும் அமைப்பில் எழுப்பியது. நீர் ஏறும்போது கோயில் முழுக்கக் கடலில் மிதப்பதுபோல் இருக்கும். அதன் பலகைத் தளத்தில் ஒரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் நடுவே இடைவெளி விட்டிருக்கிறார்கள். புயலில் அலை கீழிருந்து முட்டினால், அந்த இடைவெளி வழியே தண்ணீர் மேலே வந்து வடிந்துவிடும். தளம் பிய்ந்து போகாது. கடலுக்கு வழிவிட்டுக் கட்டின கட்டடம். அங்கே குடியிருக்கும் தெய்வங்கள் மூன்று பெண் தெய்வங்கள், கடல் பயணத்தைக் காப்பவர்கள். அவர்களில் ஒருத்தியைப் பென்சைதென் என்றும் வணங்குகிறார்கள். பென்சைதென் வேறு யாருமில்லை, பௌத்தத்தோடு சீனம் வழியாக அந்த நாட்டுக்குப் போன நம் சரஸ்வதிதான். மேலூர் திருவுடையம்மன், ஒற்றியூர் வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே பௌர்ணமி நாளில் மூன்று அம்மனையும் பார்க்க ஓடிய பிள்ளை நான். மூன்று அம்மன் என்றதும் அந்நிய ஊர் என்ற கூச்சம் விட்டுப்போயிற்று.

என்னை நிறுத்திப்போட்டது அந்த அம்மன்கள்கூட இல்லை. ஷிந்தோ கோயில் வளாகங்களில் பார்க்கும் சாதாரணக் காட்சி ஒன்று. ஒரு முதிய மரம். அதன் இடுப்பைச் சுற்றி வைக்கோல் புரி. புரியில் மடித்து வெட்டின வெள்ளைக் காகிதம் தொங்குகிறது. எதிரே ஒரு பாட்டியம்மா இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கை தட்டி, கண்ணை மூடி நின்றார். சிலை இல்லை, விளக்கு இல்லை. மரம்தான் அங்கே சன்னதி. என் சட்டைப்பையில் அம்மா கொடுத்தனுப்பின காய்ந்த மகிழம்பூ இருந்தது. வாடினாலும் வாசனை போகாத பூ என்று ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பொட்டலம் கட்டித் தருவாள். அதில் ஒன்றை எடுத்து அந்த மரத்தடியில் வைத்தேன். பாட்டியம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஊரில் இருந்தவரை நான் மகிழமரத்தை ஒரு முறைகூட அப்படி நின்று பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தம்பிகளே, தங்கைகளே, நம் மகிழமரத்தின் கதையை நீங்கள் விழாவில் கேட்டிருப்பீர்கள். ஆனாலும் ஒரு முறை என்னோடு சேர்ந்து மெதுவாகக் கேளுங்கள். பொன்னேரிப் பக்கம் ஞாயிறு என்ற ஊரில் பிறந்த சங்கிலியார், ஒற்றியூருக்கு வந்து கன்னிமாடத்தில் தங்கி, சுவாமிக்கு மாலை கட்டும் தொண்டு செய்கிறார். சுந்தரர் அவரைப் பார்க்கிறார், மணக்க விரும்புகிறார். ‘உன்னைப் பிரியமாட்டேன்’ என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும் என்றாகிறது. சுந்தரருக்கோ திருவாரூரை விட்டுவிட மனமில்லை. தோழனான சிவனிடமே போய், ‘நான் சன்னதியில் சத்தியம் செய்யும்போது நீர் அங்கே இருக்க வேண்டாம், மகிழமரத்தடிக்குப் போய்விடும்’ என்று கேட்டுக்கொள்கிறார். சரி என்ற சுவாமி, சங்கிலியார் கனவில் வந்து, ‘சத்தியத்தை மகிழமரத்தடியில் வாங்கு’ என்று சொல்லிவிடுகிறார். மறுநாள் சுந்தரர் தப்ப வழியில்லாமல் மரத்தடியில் சத்தியம் செய்கிறார். வசந்தம் வந்ததும் ஆரூர் ஞாபகம் இழுக்கிறது. சத்தியத்தை மறந்து ஊர் எல்லையைத் தாண்டுகிறார். தாண்டின அடியிலேயே இரண்டு கண்ணும் போகிறது.

இந்தக் கதையை நண்பர்களுக்குள் நடந்த ஒரு திருவிளையாடல் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறோம். கதை நமக்கு விட்டுச்சென்ற சேதி வேறு. ஒற்றியூரில் கடவுள் கருவறையை விட்டு எழுந்து மரத்துக்குப் போயிருக்கிறார். போய், அங்கேயே சாட்சியாக உட்கார்ந்திருக்கிறார். ஆகவே இந்த ஊரில் மரத்துக்கு முன்னால் செய்த சத்தியமும் கருவறையில் செய்த சத்தியமும் ஒரே எடைதான். மகிழடி சேவை என்று வருஷா வருஷம் நாம் கொண்டாடுவது அதைத்தான். ஜப்பானியர் வைக்கோல் புரி கட்டிச் சொல்வதை நாம் விழா எடுத்துச் சொல்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஷிந்தோ கோயிலில் கருவறைக்குள் இருக்கும் தெய்வப் பொருளை யாரும் பார்ப்பதில்லை. கண்ணாடியாக இருக்கலாம், வாளாக இருக்கலாம், கல்லாக இருக்கலாம். மூடிய கதவுக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு வருவார்கள். இசே என்ற ஊரிலுள்ள பெருங்கோயிலில் சூரிய தேவதையின் கண்ணாடி இருக்கிறது என்பது நம்பிக்கை. வெளிக்கண் எதுவும் அதைக் காண்பதில்லை. இதைக் கேட்ட என் கப்பல் சிநேகிதர்கள் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு ஆச்சரியமில்லை. நம் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவானவர். வருஷம் முழுக்கக் கவசத்துக்குள் இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி 3 நாள் மட்டும் கவசம் திறக்கிறது. அப்போதும் தண்ணீர் அபிஷேகம் இல்லை. புனுகு, ஜவ்வாது, சாம்பிராணித் தைலம்தான் சாத்துகிறார்கள். புற்று கரைந்துவிடக் கூடாதே! அந்த 3 நாளுக்காகக் கால் கடுக்க வரிசையில் நிற்கும் சனம், மீதி நாளெல்லாம் கண்ணால் காணாத ஒன்றை நம்பி வந்து போகிறது.

கடற்கரைக்காரர்களுக்கு இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர்கள், பௌர்ணமியன்று கடலுக்குப் போகாமல், மணலில் சுறாமீன் கொம்பை நட்டு, அதில் தெய்வம் இறங்கியதாக வணங்கினார்கள் என்று பட்டினப்பாலை சொல்கிறது. ஜப்பானில் மீனவர்களின் தெய்வம் எபிசு. கரை ஒதுங்கும் திமிங்கலத்தையும், அலை கொண்டுவந்து போடும் கல்லையும்கூட எபிசு என்றே எடுத்துவைத்துக் கும்பிட்ட கடலோர ஊர்கள் அங்கே உண்டு. கடலை நம்பி வாழ்கிறவன், கண்ணுக்குத் தெரிவதைவிடத் தெரியாததற்கே அதிகம் பயப்படுவான், அதிகம் மரியாதை கொடுப்பான்.

இப்போது நம் ஊரின் பெயருக்கு வருகிறேன். பிரளய வெள்ளம் இந்த இடத்தைத் தொடாமல் ஒற்றிப்போகும்படி சிவன் செய்ததால் ஒற்றியூர் என்று தலபுராணம் சொல்கிறது. ஜப்பானில் செந்தாய் நகரத்தில் ‘நமிவாகே’ என்று ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. ‘அலை பிரிந்த இடம்’ என்று பொருள். 1611இல் வந்த பெரிய ஆழிப்பேரலை அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்து வடிந்தது என்பது ஊர்க்கதை. 2011 மார்ச்சில் சுனாமி வந்து கரையோர ஊர்களை வழித்துக்கொண்டு போனபோது, அந்தக் கோயில் வரைக்கும் அலை வரவில்லை. அதற்குப் பிறகுதான் பலரும் திரும்பிப் பார்த்தார்கள்: கரையோரத்தில் எத்தனையோ பழைய கோயில்கள் அலை எட்டாத மேட்டில் நின்றுகொண்டிருந்தன. முன்னோர், கடல் எதுவரை வரும் என்ற கணக்கைக் கோயிலாகக் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் கோயிலைக் கும்பிட்டார்கள், கணக்கை மறந்துவிட்டார்கள்.

நாமும் மறந்தவர்கள்தான். கடல் ஒற்றிப்போன ஊர் என்று பெயர் வைத்த இடத்தில் இன்று கடல் ஏறி வருகிறது. 1875இல் சென்னைத் துறைமுகத்தின் சுவர்களைக் கடலுக்குள் கட்டத் தொடங்கினார்கள். நம் கரையில் மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை மணல் வருவது குறைந்து, அலை கரையை அரித்தது. தாத்தா வலை உலர்த்தின மணல் பேரனுக்கு இல்லை. பாறாங்கல்லைக் கொட்டி, தூண்டில் வளைவு போட்டுத் தடுத்துக்கொண்டிருக்கிறோம். மெரினாவில் சுண்டல் தின்னும் ஒவ்வொருவரும் காலுக்குக் கீழே நம் மணலை மிதித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

இதையெல்லாம் கோயில் மடலில் எதற்காக எழுதுகிறேன்? கோயில் எது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான் என்பதால். மாசி மகத்தன்று சுவாமி கடலாடப் போகிறார். கடல் அவருடைய தீர்த்தம். மகிழமரம் அவர் சாட்சி சொன்ன இடம். குளம் அவருடையது. சுந்தரரின் கண் போனது கோபுர வாசலைத் தாண்டியபோது இல்லை, ஊர் எல்லையைத் தாண்டியபோது. அப்படியானால் கோயிலின் எல்லை ஊரின் எல்லை வரை விரிந்து கிடக்கிறது. நாம் தினம் வண்டியில் போகிற இந்தத் தெருக்கள் எல்லாம் சத்தியம் செல்லுபடியாகிற இடம்.

இந்தக் கோயிலைத் தாங்கிப் பிடித்தவர்கள் யார் யார் என்று பாருங்கள். சக்கரப்பாடித் தெருவில் எண்ணெய் ஆட்டிய கலிய நாயனார், செல்வமெல்லாம் போய், விளக்குக்கு எண்ணெய் வாங்க வழியில்லாத நாளில், தன் இரத்தத்தையே அகலில் வார்க்கத் துணிந்தார். தக்கோலப் போரில் 949இல் சோழ இளவரசன் இராஜாதித்தன் மாண்டபோது, கேரளத்தில் பிறந்த அவனுடைய தோழர் ஒருவர் உடனிருந்து சாக முடியாமல் போன துயரத்தில் துறவியானார். ஒற்றியூர் மடத்தின் தலைவராகி, சதுரானன பண்டிதர் என்று பெயர் பெற்றார். கல்வெட்டு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. இராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல் விமானத்தை எழுப்பிய சிற்பியின் பெயர்கூட நமக்குக் கிடைத்திருக்கிறது: இரவி என்ற வீரசோழத் தச்சன். பாணினியின் இலக்கணம் சொல்லிக்கொடுக்க இங்கே ஒரு மண்டபம் இருந்தது. பட்டினத்தார் கடைசியில் வந்து அடங்கினது நம் கடற்கரையில். ஏழுகிணற்றில் வாழ்ந்த இளம் வள்ளலார் இங்கே நடந்து நடந்து வந்து வடிவுடை மாணிக்க மாலை பாடினார். இந்த அம்மன் மேல் ஐந்து கீர்த்தனை செய்தார் தியாகராஜர். எண்ணெய்ச் செக்குக்காரர், தோற்றுப்போன போர்வீரர், கல்தச்சர், வாத்தியார், சித்தர், பாட்டுக்காரர். ராஜா பேரை முதலில் எழுதினாலும், கோயில் நின்றது இவர்கள் கையில்.

இசேயில் இதையே முறையாக வைத்திருக்கிறார்கள். 20 வருஷத்துக்கு ஒரு முறை, கோயிலை அப்படியே பக்கத்து மனையில் புதிதாகக் கட்டி, தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்கிறார்கள். 690இல் தொடங்கியது, நடுவே போர்க்காலங்களில் தடைப்பட்டாலும், 2013இல் 62ஆம் முறை நடந்தது. அடுத்தது 2033. இருபதில் தச்சுக்கு எடுபிடியாக நின்றவன் நாற்பதில் தானே உளி பிடிப்பான். அறுபதில் மேற்பார்வை பார்ப்பான். மரம் மக்கிப் போனாலும் கைப்பழக்கம் மக்காது. அதற்கு வேண்டிய மரங்களை இன்று நடுகிறவர்கள், 200 வருஷம் கழித்து வெட்டப்போகும் கைகளுக்காக நடுகிறார்கள். நம் கும்பாபிஷேகமும் 12 வருஷக் கணக்கில் இந்த நோக்கத்தோடு வந்ததுதான். கல் நமக்கு அப்படியே நிற்பதால், கையைப் பழக்க வேண்டும் என்ற ஞாபகம்தான் தளர்ந்துவிட்டது.

ஜப்பானியர் எல்லாவற்றிலும் உத்தமர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அதே ஷிந்தோவை அரசாங்கம் கையில் எடுத்து, பேரரசர் பக்தியாக்கி, போருக்கு ஆள் அனுப்பப் பயன்படுத்தியது. சயாம் ரயில் பாதையில் மடிந்த நம் தமிழ்க் கூலிகளின் கணக்கு அந்தப் போரில் இருக்கிறது. 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் ஒன்று நம் துறைமுகப் பக்கமே குண்டு போட்டுவிட்டுப் போனது. கோயிலே அடிவாங்கிய கதையும் அங்கே உண்டு. 1906இல் ‘ஊருக்கு ஒரு கோயில் போதும்’ என்று சின்னக் கோயில்களை ஒன்றோடொன்று சேர்க்க அரசு உத்தரவு போட்டது. சில வருஷத்தில் சுமார் 70,000 கோயில்கள் இல்லாமல் போயின. கோயில் போனதும், அதைச் சுற்றி நூற்றாண்டுகளாகக் கோடாலி படாமல் நின்ற மரங்களும் வியாபாரிகளிடம் போயின.

அப்போது எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் மினகதா குமாகுசு. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் வருஷக்கணக்கில் படித்த இயற்கை ஆய்வாளர். தனாபே என்ற கடலோர ஊரில் வந்து குடியிருந்தார். 1910இல் அதிகாரிகள் கூட்டத்துக்குள் புகுந்து கலாட்டா செய்தார் என்று பிடித்துப் பதினெட்டு நாள் அடைத்து வைத்தார்கள். வெளியே வந்தவர் எழுதினார். பக்கம் பக்கமாக மடல் எழுதினார். 1911இல் அவருடைய மடல்களை அச்சிட்டு நாடெங்கும் அனுப்பினார் அவருடைய நண்பர், நாட்டார் வழக்கு அறிஞர் யனகிதா குனியோ. கோயில் காடு அழிந்தால் பறவை போகும், பூச்சி பெருகி விளைச்சல் கெடும். கரையோரக் காடு போனால் நிழல் தேடி வரும் மீனும் போகும், மீனவன் வயிறு காயும். கூடிக் கும்பிட இடமில்லாமல் ஊர் ஒற்றுமை குலையும் என்று வாதாடினார். கரையோரக் காட்டுக்கும் மீனுக்கும் உள்ள உறவு ஜப்பானில் வெறும் நம்பிக்கையாக இருக்கவில்லை. 1897ஆம் வருஷத்து வனச் சட்டத்திலேயே ‘மீன் சேரும் காடு’ என்று ஒரு பாதுகாப்பு வகை இருந்தது. தனாபே விரிகுடாவில் கஷிமா என்ற குட்டித் தீவின் காட்டை அவர் காப்பாற்றினார். 1929இல் பேரரசரே அந்தத் தீவைப் பார்க்க வந்தார். ஒரு தனி மனுஷன் எழுதின மடல் காட்டைக் காத்திருக்கிறது என்பதால்தான், எழுத்துப் பழக்கம் இல்லாத நானும் பேனாவை எடுத்தேன்.

அதே நாட்டில், அதே தலைமுறையில், வேறொன்றும் நடந்தது. தோக்கியோவில் மெய்ஜி கோயிலை 1920இல் திறந்தார்கள். காடு இல்லாத இடம். நாடு முழுவதிலுமிருந்து மக்கள் அனுப்பின சுமார் 1 லட்சம் மரங்களை நட்டார்கள். நூறு வருஷத்தில் தானே தன்னைப் பார்த்துக்கொள்ளும் காடாக வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். அப்படியே ஆகிவிட்டது. அங்கே பாதை கூட்டுகிறவர்களை ஒரு காலையில் நின்று பார்த்தேன். நீளமான துடைப்பம். உதிர்ந்த இலைகளைச் சரளைக்கல் வழியிலிருந்து ஒதுக்கி, குப்பைவண்டியில் போடாமல், இரு புறமும் மரத்தடிக்கே திருப்பிக் கொடுத்தார்கள். காட்டுக்குச் சொந்தமான இலையைக் காட்டுக்கே கொடுப்பது நூறு வருஷமாக அங்கே விதி. ஆலயத் தொண்டு என்பதை அவ்வளவு எளிமையாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இனி, நான் கேட்க வந்தது.

உங்கள் கைகளை எனக்குத் தெரியும். 2017 ஜனவரி 28ஆம் தேதி எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, எர்ணாவூர்க் கரையில் வாளியால் எண்ணெயை அள்ளியவர்களில் உங்கள் அண்ணன்கள் இருந்தார்கள். முழங்கை வரை கறுத்திருந்த ஒரு பையன், ‘மூச்சு முட்டுது தாத்தா, ஆனா அள்ளாம எப்படிப் போறது’ என்று என்னிடம் சொன்னான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. படகும் வலையும் அலையாத்தி மரங்களும் கறுத்தன. அப்போதும் மீனவர்களே படகில் போய் அள்ளினார்கள். கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் சேர்ந்து, இறாலும் மடவையும் நண்டும் குறைந்த கதை உங்கள் வீடுகளிலேயே இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் தாதுவும் கூடாது என்று 2011இல் நீதிமன்றம் சொன்னது, ராயபுரம் மூச்சுவிட்டது, நிலக்கரி எண்ணூருக்கு நகர்ந்தது. தூள் எங்கேயும் காணாமல் போகவில்லை, அக்கம்பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறது. நான் ஏற்றிக்கொண்டு போன தாதுவும் அதில் சேர்த்தி என்பதை மறைக்க மாட்டேன். அந்த வேலையில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள். வேலையும் வேண்டும், ஊரும் வேண்டும். இந்தக் கஷ்டம் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ஆலையை மூடச்சொல்லியோ கொடி பிடிக்கச்சொல்லியோ இந்த மடலை எழுதவில்லை. அதை முடிவு செய்ய உங்களுக்கு அறிவும் உரிமையும் இருக்கிறது. நான் கேட்பது ஒரு சத்தியம். மகிழமரத்தடியில் நின்று, ‘இந்த ஊரின் மரத்தையும் குளத்தையும் ஆற்றையும் கடலையும் கோயிலாகவே பார்ப்பேன்’ என்று ஒரு சத்தியம்.

அதில் என்னென்ன அடங்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். தேர் இழுத்த கையே மறுநாள் வீதியைக் கூட்டட்டும். இலையை மரத்தடிக்குக் கொடுங்கள், பிளாஸ்டிக்கைத் தனியே எடுங்கள். கோயில் மரத்தில் ஆணி அடிக்க வருகிறவனை மரியாதையாகத் தடுங்கள். மகிழம்பழம் தின்றால் கொட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்; ஒரு பையில் மண் போட்டு நடுங்கள். முளைக்க நாளாகும், வளர்ச்சியும் நிதானம்தான். ஆனால் வேரூன்றிவிட்டால் உங்கள் பேரன் காலத்துக்கும் நிற்கும். கரையில் இடமிருக்கும் குப்பங்களில் பெரியவர்களைக் கேட்டுப் புன்னையும் தாழையும் வையுங்கள். வருஷத்தில் ஒரு நாள் எண்ணூர்ப் பக்கத்து மீனவ அண்ணன்மாரோடு படகேறி முகத்துவாரம் வரை போய்ப் பாருங்கள். தண்ணீர் என்ன நிறம், எந்த மீன் வந்தது, எது வரவில்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இருபது வருஷம் எழுதினால் அந்த நோட்டுக்கு முன்னால் எந்த அதிகாரியும் ஒரு நிமிஷம் நின்று யோசிப்பார்.

இது சைவர்களுக்கு மட்டும் எழுதின மடலும் இல்லை. ராயப்பர் பேரில் பெயர் வாங்கின ராயபுரம் நம் பக்கத்தில் இருக்கிறது. தர்கா போகிறவர்களும், குப்பத்து எல்லையம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்களும், கோயில் பக்கமே வராதவர்களும் இந்த ஆற்றுத் தண்ணீரில்தான் பிழைக்கிறோம். மரத்தடி எல்லோருக்கும் பொது.

சுந்தரருக்குக் கண் திரும்பக் கிடைத்தது. காஞ்சியில் ஒன்று, ஆரூரில் ஒன்று. அவ்வளவு தூரம் தட்டுத்தடுமாறி நடந்து, வழி நெடுகக் கேட்டுக் கேட்டு வாங்கினார். நம் ஊரும் சத்தியம் தவறி எல்லையைத் தாண்டி ரொம்ப தூரம் வந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கண் திரும்புகிறவரை நடக்க வேண்டியதுதான்.

அடுத்த மாசியில் மகிழடி சேவை முடிந்த மறுநாள், காலை ஆறு மணிக்கு, நான் அங்கே இருப்பேன். நாலைந்து துடைப்பமும் சாக்குப்பையும் கொண்டுவருகிறேன். வர முடிந்தவர்கள் வாருங்கள். மகிழமரம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் யாரையும் கேட்க வேண்டாம். பிரகாரத்தில் தரையைப் பார்த்தபடியே நடந்து வாருங்கள். நட்சத்திரம் நட்சத்திரமாகப் பூ உதிர்ந்து கிடக்கும் இடத்தில் நின்றுகொண்டிருப்பேன்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் வடம் பிடித்த ஒரு கப்பல்காரன்,
திருவொற்றியூர்.